முகவரி யாருடையது?

முகவரி! நான்கே எழுத்து. ஆனால் அந்த நான்கு எழுத்துக்குள் ஒரு மனிதனின் வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது, அவனைத் தேடி வரும் நன்மை தீமை அனைத்தும் இருக்கின்றன. முகவரி இல்லாதவனை எவரும் தேடுவதில்லை. தேடினாலும் அவன் கிடைப்பதில்லை.

"இயற்பியல் படிக்கிற பிள்ளை, அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதக் கூடாதா? முகவரியைப் பற்றி எழுத உனக்கு என்ன இருக்கிறது?" என்று மன்றத்து நண்பர் ஒருவர் கேட்டார். எழுதலாம். ஆனால் அணுவும் அண்டமும் எனக்காகக் காத்திருக்கும். ஒரு மின்னஞ்சல் காத்திருக்கவில்லை. அதனால் என் இருபத்து மூன்று வயதில் ஓராண்டு வீணாயிற்று. அந்த ஓராண்டின் கதையையும், அது கற்பித்த பாடத்தையும் நம் மலரில் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

நகராத பாட்டி, நகர்ந்த முகவரி

என் பாட்டி மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி வந்தவர். பாட்டி பிறந்தபோது அந்த மண் திருவிதாங்கூர் அரசருக்கு உரியது. 1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் பிறந்தது. தேவிகுளமும் பீர்மேடும் அதில் அடங்கின. அப்போது பாட்டி கோட்டயம் மாவட்டத்துக்காரர். 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் அமைந்தது. பாட்டி இடுக்கிக்காரர் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. முகவரியின் கடைசியில் ஆறு இலக்கங்கள் சேர்ந்தன.

இத்தனைக்கும் பாட்டி லயத்தை விட்டு ஓரடி நகரவில்லை! முகவரிதான் நகர்ந்துகொண்டே இருந்தது.

பாலக்காட்டுக்காரர்களின் கதையும் இதுவே. 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஓர் இரவு உறங்கி எழுந்தபோது மாநிலத்தின் பெயர் மாறியிருந்தது. இயற்பியலில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. ஒரு புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதிப்புள்ளியை நகர்த்தினால் அந்தப் புள்ளியின் ஆயத்தொலைகள் அத்தனையும் மாறிவிடும். நாங்கள் அந்தப் புள்ளிகள். ஆதிப்புள்ளியை நகர்த்துகிறவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மாவட்டத்தின் பெயர் மாறிவிட்டது என்பதற்காகப் பாட்டிக்கு வந்த கடிதத்தைக் கிழித்தெறிந்த தபால்காரர் எவரும் இல்லை. பழைய பெயர் எழுதி வந்த கடிதமும் சேர்ந்தது. புதிய பெயர் எழுதி வந்ததும் சேர்ந்தது. வீடு மாறிப் போகிறவர், பழைய அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்தால், வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் அஞ்சல்துறையில் நெடுங்காலமாக உண்டு. காகிதக் கடிதத்துக்கு இருந்த இந்தக் கருணை மின்னஞ்சலுக்கு இல்லை. எனக்கு இது 2023இல் தெரிந்தது.

கடையின் முகவரியே குடும்பத்தின் முகவரி

2010இல் என் பெரியப்பா மூணாறு கடைவீதியில் இருந்த தம் மளிகைக் கடைக்குத் தொலைபேசியோடு சேர்த்து இணைய இணைப்பு வாங்கினார். இணைப்பைத் தந்த நிறுவனம் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கூடவே தந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் மின்னஞ்சல் அதுதான். இடப்பக்கம் கடையின் பெயர்; வலப்பக்கம் நிறுவனத்தின் பெயர். குடும்பம் முழுவதற்கும் அதுவே முகவரி ஆயிற்று. அப்பாவின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அது. அம்மாவின் வங்கிக் கணக்கில் அது. மாமாவின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அது. என் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதுவே. பெரியப்பா மகன் நாள்தோறும் திறந்து பார்த்து, யாருக்கு என்ன வந்தது என்று மலைக்குச் சொல்லி அனுப்புவான். ஒரு மின்னஞ்சல் பெட்டி, நான்கு வீடுகளுக்கு அஞ்சலகமாக இருந்தது.

2023 தொடக்கத்தில் அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். லயத்து வீடு தொழிலாளியின் வீடு அன்று, தோட்டத்தின் வீடு. தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை முடிந்த பிறகு அவன் எங்கே போவான் என்பதை எவரும் சொல்லவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவின் உறவினர் இருக்கும் பாலக்காட்டு எல்லைக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே அப்பாவின் கைபேசிக்கு அலை எட்டவில்லை. அண்டை வீட்டார் எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருந்தார்களோ அதையே அப்பாவும் வாங்கினார். பழைய எண்ணுக்குப் பணம் கட்டுவது நின்றது, எண்ணும் நின்றது.

அதே ஏப்ரலில் பெரியப்பாவும் இணைப்பை மாற்றினார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பழைய செம்புக் கம்பி செத்துச் செத்துப் பிழைத்தது. புதிய நிறுவனம் கண்ணாடியிழை கொண்டு வந்தது. வேகம் மிகுதி, கட்டணம் குறைவு. யார்தான் மாறமாட்டார்? பழைய கருவியைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்திட்டார், வைப்புத்தொகை திரும்பி வந்தது. மின்னஞ்சல் என்ற சொல்லைப் பெரியப்பா கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தப் பெட்டி மூடப்பட்டது. அஞ்சலகம் இடிந்ததை நான்கு வீட்டாரும் அறியவில்லை.

அந்த ஆண்டுதான் நான் முதுநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். நல்ல இடமும் வந்திருந்தது. சேர்க்கை அறிவிப்பு மின்னஞ்சலில் வரும் என்று காத்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து கல்லூரித் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "உனக்கு எங்கே இடம் கிடைத்தது?" என்று கேட்டபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. இணையத்தளத்தைத் திறந்தேன், கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதிய கடவுச்சொல் கேட்டேன். "நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றது. எந்த மின்னஞ்சலுக்கு? இல்லாத மின்னஞ்சலுக்கு! கைபேசிக்கு ஓ.டி.பி. கேட்டேன். அனுப்பியதாகச் சொன்னது. எந்தக் கைபேசிக்கு? இல்லாத எண்ணுக்கு!

கடிதம் எழுதி, சான்றுகள் திரட்டி, நேரில் போய் நின்றபோது நாள் கடந்துவிட்டது. இடம் அடுத்த மாணவருக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் அமர்ந்த பிள்ளைமீது எனக்கு வருத்தமில்லை; அதுவும் என்னைப் போல் உழைத்த பிள்ளைதான். தேர்வு நடத்தியவர்கள்மீதும் குறை சொல்லமாட்டேன். நான் கொடுத்த முகவரிக்கு அவர்கள் அனுப்பினார்கள். நாள்தோறும் நானே உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. குற்றத்தில் என் பங்கு உண்டு. ஆனால் முழுப் பங்கும் என்னுடையது அன்று.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். வைப்பு நிதிக் கணக்கில் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்ற அவரும் பேருந்து ஏறி அலைந்துகொண்டிருந்த நேரம் அது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வீடுதான் கம்பெனி வீடு, வேலை முடிஞ்சதும் எறங்கிட்டோம். கடுதாசி வர்ற எடமும் கம்பெனி வீடுதானா கண்ணு?"

எட்டாம் வகுப்பு வரை படித்த மனிதர் கேட்ட இந்தக் கேள்விக்கு, இயற்பியல் பட்டம் பெற்ற என்னிடம் அன்று விடை இல்லை.

வலப்பக்கம் நம்முடையது அன்று

விடையைத் தேடிப் படித்தேன். 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்ப வழி கண்டபோது, முகவரியை இரண்டாகப் பகுத்தார். இடப்பக்கம் ஆளின் பெயர். வலப்பக்கம் அவர் இருக்கும் பொறியின் பெயர். நடுவில் வளைவுக்குள் எழுதிய 'ஏ' என்னும் குறி. இன்றும் அதே அமைப்புதான். மடல் புறப்படும்போது வலப்பக்கத்துப் பெயரை மட்டுமே பார்க்கும். அந்தப் பெயருக்குரிய அஞ்சல் பொறி எங்கே இருக்கிறது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டைக் கேட்டு, அதன் வாயிலுக்குப் போகும். உள்ளே நம் பெயர் இருந்தால் சேரும், இல்லாவிட்டால் திரும்பும்.

ஆகவே இடப்பக்கம் மட்டுமே நமக்குக் கிடைத்தது. வலப்பக்கம் இணைப்புத் தந்தவருடையது. வாசலில் நம் பெயர்ப்பலகை, வீடோ வேறொருவருடையது. லயத்து வீட்டின் கதையேதான்!

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அந்நாளில் மின்னஞ்சல் என்றாலே இணைப்புத் தந்தவர் பெயரில்தான். வணிகர்கள் தங்கள் அறிமுக அட்டைகளில் வி.எஸ்.என்.எல். முகவரியைப் பெருமையோடு அச்சிட்டார்கள். 2002இல் அந்த நிறுவனமே டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. 2008இல் அதன் பெயரும் மாறியது. அமெரிக்காவில் வெரைசன் என்ற பெரிய நிறுவனம் 2017இல் மின்னஞ்சல் தொழிலே வேண்டாம் என்று கைவிட்டது. அதன் வாடிக்கையாளர்கள் வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் மாறினாலும் இடர். நிறுவனம் மாறினாலும் இடர்.

இலவச மின்னஞ்சல் 1996இல் ஹாட்மெயிலோடு பரவத் தொடங்கியது. சபீர் பாட்டியா என்ற இந்தியர் அதை உருவாக்கிய இருவரில் ஒருவர். 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் வந்தது. "பிறகென்ன? எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்களே! உன் பெரியப்பா போன்ற சிலருடைய கவலைதானே இது?" என்று கேட்பார்கள் நகரத்து நண்பர்கள்.

அவர்களை ஒருமுறை எங்கள் எல்லைக் கிராமங்களுக்கு அழைக்கிறேன். படிப்பில்லாமல் போன அந்த ஓராண்டில் ஊராருக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது கண்டேன்: பலருடைய கணக்குகளில் இருந்த மின்னஞ்சல் அவர்களுடையது அன்று; விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கணினிக் கடைக்காரருடையது! கடைக்காரர் வஞ்சகர் அல்லர். "மின்னஞ்சல் உண்டா?" என்று கேட்டார், "இல்லை" என்றார்கள், கட்டத்தைக் காலியாக விட முடியாது, தம்முடையதை எழுதினார். கடை மூடினால்? கடைக்காரர் ஊர் மாறினால்? ஒரு தெருவின் ஓய்வூதியமும் உதவித்தொகையும் ஒரு கடைக்காரரின் கடவுச்சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பெரியப்பாவின் கடை எங்களுக்கு எப்படியோ, அப்படி.

மாறுவது குற்றமா?

"பேசாமல் பழைய இணைப்பையே வைத்திருந்தால் என்ன?" என்றும் கேட்கலாம். மலையில் இணைப்பு என்பது ஆடம்பரம் அன்று, உயிர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் நிலம் சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அடுத்த ஊருக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். அந்த இரவை அறிந்த எவரும், கம்பி சரியில்லாத நிறுவனத்தோடு காலமெல்லாம் கட்டுண்டு கிட என்று மலைவாழ் மக்களுக்குச் சொல்லமாட்டார்கள். நல்ல இணைப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே மாறுவது எங்கள் உரிமை.

அந்த உரிமையை நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற நோக்கோடு, கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5இல் தொடங்கி வைக்கப்பட்டது. நன்று; மகிழ்கிறோம். இணைப்புக்கு உரிமை பிறந்துவிட்டது. முகவரிக்கு?

கைபேசியைப் பாருங்கள். ஒரு காலத்தில் நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும். எண்ணை இழக்க அஞ்சியே மக்கள் மோசமான சேவையைச் சகித்தார்கள். 2010 நவம்பர் 25இல் அரியானாவிலும், 2011 ஜனவரி 20இல் நாடு முழுவதிலும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. ஆயினும் வட்டத்துக்கு வட்டம் மதில் இருந்தது. எங்கள் எல்லையில் கேரள வட்டம் முடிந்து தமிழ்நாட்டு வட்டம் தொடங்குகிறது. மூணாற்றிலிருந்து போடிநாயக்கனூருக்குக் குடிபெயர்ந்தவர், தம் எண்ணைத் தமிழ்நாட்டு எண்ணாக்கிக்கொள்ள வழியில்லை. 2015 ஜூலை 3இல் அந்த மதிலும் இடிந்தது. இன்று 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். மாறிச் செல்வதற்கான குறியீடு வருகிறது.

இது எப்படி முடிந்தது? எந்த எண் இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பதைச் சொல்லும் பொதுப் பதிவேடு ஒன்று நடுவில் வைக்கப்பட்டது. அழைப்பு வந்தால் பதிவேட்டைப் பார்த்துத் திருப்பி விடுகிறார்கள். அப்பா இதை அறிந்திருந்தால் பழைய எண்ணோடே புதிய நிறுவனத்துக்குப் போயிருப்பார். அறிந்து சொல்ல வேண்டியவள் நான், நானும் சொல்லவில்லை. கைவிட்ட எண்ணுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்றில் இது எடுத்துரைக்கப்பட்டது. அதன்பின் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவர் கைபேசியில் போய் ஒலிக்கும்!

மின்னஞ்சல் முகவரியை இப்படி நிறுவனம் விட்டு நிறுவனம் தூக்கிச் செல்ல முடியாது. வலப்பக்கத்துப் பெயர் தடுக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்த மடலைத் திருப்பி அனுப்பலாமே! அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். பொறியில் ஒரு வரி எழுதினால் நடக்கும். பிரான்சு நாட்டில், இணைப்பை முடித்துக்கொண்டவர் தம் பழைய மின்னஞ்சலுக்கு வரும் மடல்களை ஆறு மாதம் இலவசமாகப் பெற வகைசெய்ய வேண்டும் என்று 2011இல் சட்டம் செய்தார்கள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த மின்னணுத் தொடர்பு நெறித்தொகுப்பும், மடலைத் திருப்பி அனுப்பும் இந்த வசதியைக் கேட்க உறுப்பு நாடுகளுக்கு இடம் தந்தது. நம் நாட்டிலோ 2019இல் வந்த தனிநபர் தரவு மசோதாவில், தரவை எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது விடுபட்டுவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"சிறு நிறுவனங்கள் சுமை தாங்குமா?" என்பது மற்றொரு மறுப்பு. ஆறு மாதம் ஒரு பெட்டியைத் திறந்து வைப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு? மூடியதால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன்: ஓராண்டுப் படிப்பு, அப்பாவின் பேருந்துப் பயணங்கள், அம்மாவின் தூக்கமில்லாத இரவுகள். இரண்டையும் தராசில் வையுங்கள்.

ஆகவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று: இணைப்பை முடிக்கும் நாளில், மின்னஞ்சலும் முடியும் என்பதை வாடிக்கையாளருக்கு அவருடைய மொழியில் எழுத்தால் சொல்ல வேண்டும், எங்கள் எல்லைப் பகுதிகளில் தமிழிலும் சொல்ல வேண்டும். இரண்டு: ஆறு மாதமேனும் பெட்டி திறந்திருக்க வேண்டும், வரும் மடல் புதிய முகவரிக்குத் திரும்ப வேண்டும். மூன்று: ஒருவர் விட்டுச் சென்ற பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. கேட்பது பெரிதன்று, தபால்காரர் பாட்டிக்குக் காட்டிய அதே கருணையைத்தான் கேட்கிறோம்.

சட்டம் வரும்வரை

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

இணைப்பு வேறு, முகவரி வேறு. இரண்டையும் ஒருவரிடமே வாங்காதீர்கள். இணைப்பு எத்தனை முறை மாறினாலும் மாறாத ஒரு மின்னஞ்சலை ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இலவசப் பெட்டி போதும். ஆனால் அதுவும் வாடகை வீடுதான் என்பதை மறக்காதீர்கள். இரண்டாண்டு திறக்காமலே கிடக்கும் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. சொந்த வீடே வேண்டும் என்பவர், தம் பெயரிலேயே இணையப் பெயர் ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். அப்போது வலப்பக்கமும் அவருடையது. அதற்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டத் தவறக் கூடாது.

மாறும்போது முறையாக மாறுங்கள். புதிய இணைப்பு வந்த அன்றே பழையதை முறிக்காதீர்கள். ஒரு மாதமேனும் இரண்டும் இருக்கட்டும். முகவரியை மாற்றும்போது, "மாற்றுவது நீங்கள்தானா?" என்று கேட்கும் மடல் பெரும்பாலும் பழைய பெட்டிக்கே வரும், பெட்டி உயிரோடு இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும்.

ஒரு குறிப்பேடு எடுங்கள். பழைய பெட்டியில் 'பதிவு', 'கடவுச்சொல்', 'ஓ.டி.பி.', 'நல்வரவு' என்ற சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். எங்கெங்கே கணக்கு வைத்தோம் என்பது தெரியவரும்; மறந்த கணக்குகள் மண்ணுக்குள்ளிருந்து கிழங்குபோல் வெளிவரும். ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதுங்கள். முதலில் வங்கி; அடுத்து வைப்பு நிதி, ஓய்வூதியம்; அடுத்து ஆதார், கடவுச்சீட்டு; பிறகு உதவித்தொகையும் தேர்வுகளும்; கடைசியில் கடைகளும் கேளிக்கைகளும். மாற்றியதும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே நுழைந்து பாருங்கள். புதிய பெட்டிக்கு மடல் வருகிறதா என்று பார்த்த பிறகே ஏட்டில் கோடு போடுங்கள். வேண்டிய பழைய மடல்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணை விடாதீர்கள். நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எண்ணை விட்டே தீர வேண்டுமானால், வங்கியில் மாற்றிய பிறகு விடுங்கள்.

இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் செலவிடவில்லை, ஓராண்டைச் செலவிட்டோம்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

இந்த மலரைப் படிப்பவர்கள் படித்தவர்கள். உங்களுக்குச் சொல்வதைவிட, உங்கள் வழியாக உங்கள் வீட்டாருக்குச் சொல்வதே என் நோக்கம். நம் மன்றத்தில் மறையூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; வண்டிப்பெரியாற்றுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விழா எடுக்கிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், நன்று. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஆளுக்கு ஒரு நாளைத் தெருவுக்குக் கொடுப்போம். பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் அவரவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுப்போம். கடவுச்சொல்லை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களே ஏட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கட்டும். கணினிக் கடைக்காரரின் முகவரி இருக்கும் இடமெல்லாம் அவர்களுடைய முகவரியை எழுதுவோம். மன்றம் ஓர் அச்சிட்ட குறிப்பேட்டைத் தயாரித்துக் கொடுத்தால், ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு என்று நிரப்பிவிடலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு விழாவின் மாலைச் செலவைவிடக் குறைவு.

நான் தொடங்கிவிட்டேன். சென்ற விடுமுறையில் அப்பாவுக்கு அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்தோம். பெயரைத் தாமே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அரைமணி நேரம் ஆயிற்று. நாற்பது ஆண்டு கொழுந்து மூட்டை தூக்கிய விரல்கள். தவறித் தவறி விழுந்தன. முடித்ததும் கேட்டார்:

"இந்த வீட்டுக்கு யாரும் வந்து எறங்கச் சொல்லமாட்டாங்களே?"

"அப்பப்போ தெறந்து பாருங்கப்பா, அப்போ சொல்லமாட்டாங்க" என்றேன்.

இப்போது நாள்தோறும் மாலையில் திறந்து பார்க்கிறாராம். பெரும்பாலும் ஒன்றும் வந்திருப்பதில்லை. ஆதலால் நானே வாரத்துக்கு ஒரு மடல் எழுதுகிறேன்.